மாம்பழ மூஸ்: ஜெலட்டினா, கடல்பாசியா, தொங்கவிட்ட தயிரா?

செந்தூர மாம்பழம் கடைக்கு வந்த உடனே நெறைய பேருக்கு இந்த ஆசை வந்துடுது, மாம்பழத்துல ஜில்லுனு க்ரீமியா ஏதாவது பண்ணணும், ஐஸ்க்ரீம் அளவுக்கு இழுபறி வேலை வேணாம், ஆனா கப்புல போட்டா நிக்கணும், அதான் மூஸ், அடிச்ச க்ரீம் சேத்துப் பண்ற காத்தடைச்ச லேசான இனிப்பு. தேடிப் பாத்தா அத உறைய வைக்க ஒருத்தர் ஜெலட்டின் போடுங்கன்னு சொல்றாங்க, இன்னொருத்தர் சைனா கிராஸ், அதான் கடல்பாசி, போடுங்கன்னு சொல்றாங்க, மூணாவது ஆள் ஒண்ணுமே வேணாம் மில்க்மெய்டே, அதாவது கண்டென்ஸ்டு மில்க்கே, போதும்னு சொல்றாங்க. மூணு பேர் சொல்றதும் சரிதான், ஆனா மூணும் வேற வேற சூழ்நிலைக்கு. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான், ரெசிபி படத்தப் பாத்து முடிவு பண்ணாதீங்க, அந்தக் கப் ஃப்ரிட்ஜ விட்டு வெளிய வந்து எவ்ளோ நேரம் நிக்கப் போகுது, அத யார் சாப்பிடப் போறாங்க, இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் தெரிஞ்சா மத்தது தானா அமைஞ்சிடும்.

மொதல்ல ஜெலட்டின். வாய்ல வச்சதும் கரையற அந்த மென்மை வேற எதுலயும் அப்படியே வராது, இத ஒத்துக்கிட்டே ஆகணும். காரணம் சிம்பிள்தான், ஜெலட்டின் உறைஞ்சது 30லேருந்து 35 டிகிரிக்குள்ள உருகிடும், நம்ம வாய் கிட்டத்தட்ட 37 டிகிரி, அதனால நாக்குல பட்ட உடனே உருகி உள்ள இருக்கற மாம்பழ வாசனைய மொத்தமா விட்டுடுது. ஆனா இதே குணம்தான் மே மாசத்துல நமக்கு எதிரா நிக்குது. சென்னையிலயோ மதுரையிலயோ மத்தியானம் 38, 40 டிகிரி அடிக்கறப்ப ஃபேன் மட்டும் ஓடற ஹால்ல இருபது கப்ப எடுத்து வரிசையா வச்சீங்கன்னா, சாப்பாடு முடிச்சு ஆளுங்க இனிப்பு பக்கம் வர்றதுக்குள்ள ஓரமெல்லாம் இளகி மில்க் ஷேக் ஆகிடும். இந்த ரெசிபியெல்லாம் பெரும்பாலும் குளிர் நாட்டுல எழுதினது, அங்க ரூம் டெம்பரேச்சர்னா 20 டிகிரி, நம்மூர்ல அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேற.

ராத்திரி வீட்டு ஆளுங்க மட்டும், ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்த உடனே சாப்பிடப் போறோம்னா ஜெலட்டின் அருமையான சாய்ஸ். 500 கிராம் கலவைக்கு 5 கிராம் தூள் போதும், அத நேரா கலவையில கொட்டக் கூடாது, அஞ்சு ஆறு ஸ்பூன் பச்சத்தண்ணியில தூவி பத்து நிமிஷம் விட்டா உப்பி வரும், அப்புறம் கொதிக்கற தண்ணி பாத்திரத்து மேல கிண்ணத்த வச்சு கரைக்கணும். ஜெலட்டின கொதிக்க விட்டுடாதீங்க, அதோட பிடிக்கற சக்தி கொறஞ்சிடும். கரைஞ்சத குளிர்ந்த க்ரீம்ல அப்படியே ஊத்தினா நூல் நூலா உறைஞ்சு பல்லுல மாட்டும், அதனால மொதல்ல ரெண்டு கரண்டி மாம்பழ விழுத அதுல கலந்து சூட்ட எறக்கிட்டு, அப்புறம் மீதி விழுதோட சேத்து, கடைசியாத்தான் க்ரீம். நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜ்.

ரெண்டாவது கேள்வி, யார் சாப்பிடறாங்க. ஜெலட்டின் மாட்டு எலும்பு, தோல், பன்னித் தோல் இதுகள்லருந்துதான் எடுக்கறாங்க. சைவக்காரங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறப்பயோ, ஹலால் பாக்கறவங்க வர்ற விசேஷத்துலயோ சொல்லாம பரிமாறறது தப்பு, அவங்க கேக்கலன்னாலும் நாமதான் சொல்லணும். ஹலால் முத்திரை போட்டதும் கிடைக்குது, அது வேணா தேடி வாங்கலாம். கடையில வெஜ் ஜெலட்டின்னு போட்டு விக்கறது ஜெலட்டினே கிடையாது, பெரும்பாலும் கடல்பாசியிலருந்து எடுத்த வேற சரக்கு, அதோட அளவும் வேற வேல செய்யற விதமும் வேற, பாக்கெட்ட திருப்பி என்ன எழுதியிருக்குன்னு படிச்சிட்டு வாங்குங்க.

இப்ப கடல்பாசி, அதாவது அகர் அகர், நம்ம மளிகைக் கடையில சைனா கிராஸ்னு கேட்டா குடுப்பாங்க. இது நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல, தமிழ் முஸ்லிம் வீடுகள்ல நோன்பு திறக்கறப்ப பால் ஊத்தி ரோஸ் கலர்ல துண்டு போட்ட கடல்பாசி எத்தனையோ வருஷமா இருக்கு. இன்னொண்ணு, ராமநாதபுரம் கடலோரத்துல பாம்பன், மண்டபம் பக்கம் பெண்கள் கடல்ல மூழ்கி மரிக்கொழுந்து பாசி எடுக்கறாங்களே, அது அகர் தயாரிக்கத்தான் போகுது. எவ்ளோ கஷ்டமான வேல அது, மூச்சடக்கி பாறையில கைய விட்டு பறிக்கறது. இந்தப் பொருள ஜெலட்டின் கிடைக்காதப்ப போடற மாற்றா மட்டும் பாக்கறது எனக்குப் பிடிக்கல.

அகரோட பெரிய பலம் வெயில். 85 டிகிரி கிட்ட போனாத்தான் உருகும், அதனால நம்ம மே மாசம் அத ஒண்ணும் பண்ணாது. இத உலகத்துக்கே காட்டினது ஒரு சமையலறைதான், 1881ல ஜெர்மனியில பாக்டீரியா ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக்கோட ஆராய்ச்சிக் கூடத்துல வேல பாத்த வால்டர் ஹெஸ்ஸேக்கு பாக்டீரியா வளக்கற ஜெலட்டின் தட்டு கோடையில உருகி உருகிப் போயிட்டு இருந்துச்சு, அவரோட மனைவி ஃபேன்னி ஹெஸ்ஸேதான் நான் ஜெல்லிக்கும் புட்டிங்குக்கும் போடற அகர போட்டுப் பாருங்கன்னு சொன்னாங்க. அவங்களுக்கு அது தெரிஞ்சது ஜாவாவுல இருந்துட்டு வந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரங்க மூலமா. இன்னிக்கு வரைக்கும் லேப்ல அகர் தட்டுதான். அந்த அம்மா பாத்த அதே பிரச்சினைதான் நம்ம கல்யாண மண்டபத்துலயும்.

ஆனா அகர்ல ஒரு கொற உண்டு, அத மறைக்கக் கூடாது. வாய்ல கரையாது. கொஞ்சம் கூடிப் போனாலும் துண்டு துண்டா உடையும், மூஸ் சாப்பிடற சுகம் போய் ஜெல்லி சாப்பிடற மாதிரி ஆகிடும். இன்னொண்ணு, அது 40 டிகிரிக்குக் கீழ எறங்கின உடனே உறைய ஆரம்பிச்சிடும், க்ரீமோ ஃப்ரிட்ஜ்லருந்து வந்த 5 டிகிரி, ரெண்டையும் சேக்கறப்ப நடுவுல குட்டிக் குட்டி கட்டியா நிக்கும். நெறைய பேர் அகர் மூஸ் சரியா வரலன்னு சொல்றது இந்த எடத்துலதான். சூடா கலந்தா க்ரீம் தளர்ந்துடுது, ஆற விட்டா அகர் கட்டிடுது.

இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி, அகர மொதல்ல முழுசா உறைய விட்டுடறது, அப்புறம் மிக்ஸியில அடிக்கறது. ஆமா, உறைஞ்சதையே அடிக்கறது. 100 மில்லி தண்ணியில 3 கிராம் அகர் தூள், அதாவது ஒரு டீஸ்பூன விட கொஞ்சம் கூட, போட்டு கலக்கிட்டே நல்லா ரெண்டு மூணு நிமிஷம் கொதிக்க விட்டு ஒரு துகள் கூட தெரியாம கரைச்சிடணும், தண்ணியிலயேதான் கொதிக்க விடணும், புளிப்பு இருக்கற பழ விழுதோட சேத்து கொதிச்சா அகர் பலம் கொறையும். அடுப்ப அணைச்சிட்டு, 300 கிராம் மாம்பழ விழுது, ஃப்ரிட்ஜ்ல வச்சதா இருக்கக் கூடாது, வெளிய இருந்தத லேசா சுட வச்சு அதுல ஊத்தி கலந்து ஒரு தட்டுல கொட்டிடுங்க. அரை மணி நேரத்துல கெட்டி ஜெல்லி ஆகிடும். அத துண்டு போட்டு மிக்ஸியில அரைச்சா, மொதல்ல ரவை ரவையா இருக்கும், விடாம அரைக்க அரைக்க பளபளன்னு தயிர விட கெட்டியா ஒரு விழுதா வரும், இது இனிமே கல்லு மாதிரி உறையாது, ஆனா வடிவம் பிடிச்சு நிக்கும், வெயில்ல இளகவும் செய்யாது. அதுல அடிச்ச க்ரீம மெதுவா மடிச்சு சேத்தா ஜெலட்டின் மூஸுக்கு ரொம்ப பக்கத்துல வந்துடும், டெம்பரேச்சர் சண்டையே இல்ல, ஏன்னா ரெண்டுமே குளிர்ந்த நிலையில சேருது. பெரிய ஹோட்டல் சமையல்காரங்க ரொம்ப நாளா பண்ற வேலதான் இது, நம்ம வீட்டு மிக்ஸிக்கு நல்லாவே வரும்.

தொங்கவிட்ட தயிர் வழி இன்னும் எளிமை. மகாராஷ்டிராவுலயும் குஜராத்துலயும் பண்ற ஆம்ரகண்ட் இதேதான், அதாவது மாம்பழ ஸ்ரீகண்ட். கொழுப்பு எடுக்காத பால்ல தோய்ச்ச, புளிக்காத தயிர் ஒரு லிட்டர் எடுத்து துணியில கட்டி தொங்கவிட்டா 350லேருந்து 400 கிராம் வரைக்கும் கெட்டியா கிடைக்கும். கட்டித் தொங்கவிடறத ஃப்ரிட்ஜுக்குள்ளயே பண்ணுங்க, ஒரு வடிகட்டி கீழ ஒரு கிண்ணம், ராத்திரி வச்சா காலையில எடுத்துக்கலாம், குழாயில கட்டித் தொங்கவிட்டா நம்ம வெயிலுக்கு மூணு நாலு மணி நேரத்துல புளிச்சுப் போகும், அப்புறம் எவ்ளோ சர்க்கரை போட்டாலும் அந்த வாடை போகாது. வடிஞ்ச தண்ணிய கொட்டாதீங்க, சப்பாத்தி மாவு பிசைய நல்லது. கெட்டித் தயிர ஒரு சல்லடையில தேய்ச்சு எடுத்தா பட்டு மாதிரி வரும், அதுல பொடிச்ச சர்க்கரையும் மாம்பழ விழுதும். விழுது தயிர்ல பாதிக்கு மேல போக வேணாம், சர்க்கரையும் தயிர இளக்கும் விழுதும் இளக்கும், ரெண்டும் சேந்தா ஸ்பூன்ல நிக்காது.

இதுல உருகறதுக்குன்னு ஒண்ணுமே இல்ல, தயிர் சூட்டுல இளகாது, அதனால வெயில்ல கவலை கம்மி. ஆனா பால் சாமான் எதுவா இருந்தாலும் நம்ம வெயில்ல ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்கறது உடம்புக்கு நல்லது இல்ல, அகர் போட்டு உருவம் மாறாம நின்னாலும் அதே விதிதான், பாக்க நல்லா இருக்குன்னு சாப்பிட வேணாம், அதுவும் கொழந்தைங்களுக்கு. சுவைன்னு பாத்தா பங்கனபள்ளிக்கு தயிர் அவ்ளோ பொருத்தம், அந்தப் பழத்துல இனிப்பு மட்டும் இருக்கும் புளிப்பு ரொம்ப கம்மி, தயிர் அந்த எடத்த நிரப்பிடும். ஆனா மூஸோட அந்த காத்து அடைச்ச லேசான தன்மை வேணும்னு ஆசப்படறவங்களுக்கு தயிர் மட்டும் போதாது, கொஞ்சம் கனமாத்தான் இருக்கும், 100 மில்லி அடிச்ச க்ரீம் சேத்தா சரியா வரும்.

கண்டென்ஸ்டு மில்க் வழி பிரேசில்லருந்து வந்தது. அங்க மராகுஜா மூஸ்னு ஒண்ணு வீட்டுக்கு வீடு பண்றாங்க, மராகுஜான்னா பேஷன் ஃப்ரூட், நம்ம கொடைக்கானல், ஊட்டி பக்கம் ரோட்டோரம் விப்பாங்களே அதேதான். ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், க்ரீம், பழச்சாறு, மூணையும் மிக்ஸியில அடிச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சா தானா கெட்டியாகும், ஏன்னா பழத்தோட புளிப்பு பாலுல இருக்கற புரதத்த இறுக்கிடுது. மாம்பழத்துக்கு இத அப்படியே போட்டா ஏமாத்திடும், அவ்ளோ புளிப்பு அதுல கிடையாது, ரெண்டு மூணு ஸ்பூன் எலுமிச்சச்சாறு சேக்கணும், அப்பவும் இளசாத்தான் இருக்கும், இனிப்பும் தூக்கலா இருக்கும். பேஷன் ஃப்ரூட் கிடைச்சா மட்டும் இந்த வழிக்குப் போங்க, அப்ப இத அடிச்சுக்க ஆளே இல்ல.

கஸ்டர்ட் பவுடர் போட்டு பண்றது செலவு கம்மி, பிள்ளைங்களுக்குப் பிடிக்கும், ஆனா சோளமாவு வாசனையும் வெனிலா வாசனையும் மாம்பழத்த அமுக்கிடும், நல்ல பழம் வாங்கிட்டு அப்படிப் பண்றது வீண்.

க்ரீம் பத்தி தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா பாதி மூஸ் இங்கதான் கெடுது. கடையில சின்ன டெட்ரா பேக்ல ஃப்ரெஷ் க்ரீம்னு கிடைக்கறதுல கொழுப்பு 25 சதவீதம்தான் இருக்கும், அத எவ்ளோ நேரம் பீட்டர் வச்சு அடிச்சாலும் நிக்காது, 30 சதவீதத்துக்கு மேல, 35 இருந்தா ரொம்ப நல்லது, அப்பத்தான் காத்த பிடிச்சு உப்பும். பாக்கெட் பின்னாடி எண் போட்டிருக்கும். பேக்கரிக்காரங்க போடற விப்பிங் டாப்பிங் பாலே இல்லாத பாமாயில் வகை சரக்கு, அது நம்ம வெயில்லயும் கம்பீரமா நிக்கும், மூணு மடங்கு உப்பும், விலையும் கம்மி, ஆனா சாப்பிட்ட பிறகு நாக்குல மெழுகு பூசினாப்ல ஒட்டிட்டு இருக்கும், மாம்பழ வாசனை அடியில போயிடும். பெரிய கூட்டத்துக்கு சமைக்கறவங்க அத போடறது எனக்குப் புரியுது, வீட்டுக்கு வேணாம். பால் க்ரீம் அடிக்கறப்ப கிண்ணம், பீட்டர் கம்பி எல்லாத்தையும் ஃப்ரீசர்ல கால் மணி நேரம் வைங்க, கீழ ஐஸ் போட்ட பாத்திரம் ஒண்ணு வச்சுக்கோங்க, சமையலறை 34 டிகிரி இருக்கறப்ப ஐஸ் இல்லாம அடிச்சா ஒண்ணு தண்ணியாவே இருக்கும் இல்ல திடீர்னு வெண்ணெய் திரண்டுடும். நுனி லேசா மடங்கற பதத்துல நிறுத்திடுங்க, மடிச்சு சேக்கறப்ப இன்னும் கொஞ்சம் இறுகும்.

பழம் எதுன்னு கேட்டா, பங்கனபள்ளி, அல்ஃபோன்சா, இமாம் பசந்த் மூணுலயும் நார் இல்ல. அல்ஃபோன்சாவுக்கு வாசனையும் கலரும் ஜாஸ்தி, க்ரீம் சேத்த பிறகும் தாக்குப் பிடிக்கும், இமாம் பசந்த் அவ்ளோ விலை குடுத்து வாங்கிட்டு க்ரீம்ல கலக்க எனக்கு மனசு வராது, அத வெட்டி அப்படியே சாப்பிடணும். செந்தூரம் சீசன் ஆரம்பத்துல வரும், புளிப்பு கொஞ்சம் இருக்கறதால அகர் மூஸுக்கு நல்லாருக்கும், ஆனா நார் இருந்தா வடிகட்டியே ஆகணும். ஜூன் ஜூலையில நீலம் வரும், வாசனை பிரமாதம், வெட்டிப் பாத்து வண்டு இல்லாதத எடுத்துக்கோங்க. யாழ்ப்பாணத்துல இருக்கறவங்களுக்கு கறுத்தக்கொழும்பான் இருக்கறப்ப வேற எதுவும் தேட வேண்டியதில்ல.

சீசன் இல்லாதப்ப டின் விழுது. நம்ம கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக்கூழ் ஃபேக்டரிங்க நெறைய, கிளிமூக்கு மாம்பழம், அதான் பெங்களூரான்னு சொல்றது, அங்கருந்துதான் கூழா டின்ல போகுது. 850 கிராம் டின் வீட்டுக்கு சரி. ஏற்கனவே சூடு காட்டினது, பெரும்பாலும் சர்க்கரை போட்டது, அதனால ரெசிபியில இருக்கற சர்க்கரையில பாதிய கொறைங்க, கொஞ்சம் எலுமிச்சச்சாறு விடுங்க, இல்லன்னா தட்டையா இருக்கும். எப்பவும் ஒரே மாதிரி இருக்கும்ங்கறது டின்னோட நல்ல குணம், அம்பது கப் பண்ணணும்னா நான் டின்னத்தான் சொல்வேன். ஃப்ரெஷ் பழத்துல தண்ணி ஜாஸ்தியா இருந்தா விழுத சின்ன தீயில கால் பங்கு சுண்ட வைங்க, வாசனை கொஞ்சம் போகும், அதனால பாதிய சுண்ட வச்சு பாதிய பச்சையா சேக்கறது என் வழக்கம்.

ஆக என் முடிவு, ராத்திரி வீட்டு ஆளுங்களுக்கு, அசைவம் பிரச்சினை இல்லன்னா ஜெலட்டின். மண்டபம், மொட்டமாடி, பொறந்தநாள் விழா, யார் யார் வருவாங்கன்னு தெரியாத எடம், அங்க மிக்ஸியில அடிச்ச அகர், வேற யோசனையே வேணாம். சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க இருக்கற வீட்ல சாயந்திரம் ஒரு கிண்ணம்னா தயிர், அதுல சர்க்கரைய நம்ம இஷ்டத்துக்கு கொறைக்க முடியும், க்ரீமும் கம்மி. அச்சுல ஊத்தி கவுத்து தட்டுல வைக்கணும்னா மட்டும் இன்னும் கெட்டியா வேணும், 500 கிராமுக்கு ஜெலட்டின்னா 8 கிராம், அகர்னா அதே 3 கிராம்தான், ஆனா அடிக்காம நேரா உறைய விடணும். கப்புலயே பரிமாறறப்ப அவ்ளோ கெட்டி எதுக்கு, பலரும் தேவைக்கு மேல போட்டுட்டு ரப்பரா இருக்குன்னு வருத்தப்படறாங்க.

மாம்பழத்த விட்டு வேற பழத்துக்குப் போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. வேக வைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி இந்த மூணும் ஜெலட்டின உறைய விடாது, அதுல இருக்கற என்சைம் புரதத்த வெட்டிப் போட்டுடும், ஜெலட்டினே புரதம்தானே. எவ்ளோ நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் தண்ணியாவே இருக்கும். அன்னாசிய பால், க்ரீமோட பச்சையா சேத்து வச்சா கொஞ்ச நேரத்துல கசக்கவும் செய்யும், அதே காரணம்தான். சர்க்கரை போட்டு அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு ஆற வச்சு சேத்தா எந்தத் தொந்தரவும் இல்ல, டின் அன்னாசி ஏற்கனவே வெந்தது, அது ஓகே. அகர் புரதம் இல்ல, அதனால அதுக்கு இந்தப் பயம் கிடையாது. சீதாப்பழம் இதுக்கு நேர் எதிர், சூடு காட்டினா கசந்துடும், அதனால அத கொதிக்கற அகர்ல கலக்கவே கூடாது, தொங்கவிட்ட தயிரும் அடிச்ச க்ரீமும் மட்டும் போதும், கொட்டைய கையாலயே எடுங்க, மிக்ஸியில போட்டு கொட்டைய உடைச்சிடாதீங்க. பலாப்பழம்னா பால் க்ரீம் பக்கமே போகாம கெட்டித் தேங்காப்பாலும் வெல்லமும் அகரும், சக்க பிரதமன், அதான் கேரளா பலாப்பழப் பாயசம், பிடிச்சவங்களுக்கு இது கண்டிப்பா பிடிக்கும், மொதல் பால கொதிக்க விடாம அடுப்ப அணைச்ச பிறகு சேருங்க, திரியாது.